சொன்னவர் கையால்

என் மச்சான் சன்னாசியைப் பார்த்து நாய்கள் குரைக்காது. எங்கள் தோட்டத்தில் மனிதரைவிட நாய்தான் அதிகம். தபால்காரர் வந்தாலும் கேஸ் லோரி வந்தாலும் இடமே இரண்டுபடும். சன்னாசி நடந்து வந்தால் மட்டும் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓரமாகப் போய் நிற்கும். வாலை ஆட்டாது, உறுமாது. அவர் தாண்டிப் போகும்வரை தலையைத் தாழ்த்தி நின்றுவிட்டு, அப்புறம் பழைய இடத்தில் வந்து படுத்துக்கொள்ளும். ஏதோ பெரிய மனிதருக்கு மரியாதை செய்கிறது என்று ஆரம்பத்தில் நான் அவரைக் கேலி செய்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.

நான் தனபாலன். சன்னாசியின் தங்கையைக் கட்டியவன். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போட்டு எழுதும் கிராணி, கோயிலுக்குச் செயலாளர். இரண்டு வேலையிலும் எழுதுவது நான், முடிவு செய்வது வேறொருவர். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, சௌகரியமாகத்தான் இருந்தது. எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போகிற சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் நூற்றிருபது குடும்பம், இப்போது இருபத்தேழு வீடு. பிள்ளைகள் ரவாங்குக்கும் புக்கிட் செந்தோசாவுக்கும் போய்விட்டார்கள். குலை வெட்ட வங்காளதேசத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கோயில் சாமி முனியாண்டி மட்டும் தூங்குமூஞ்சி மரத்தடியில் அரிவாளோடு அப்படியே நிற்கிறார்.

சன்னாசி தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் குலை வெட்டப் போனார். முப்பது வருஷம் அண்ணாந்து பார்த்தே வெட்டியதில் கழுத்து பின்னால் சாய்ந்துவிட்டது. நம்மோடு பேசும்போதும் மரத்து உச்சியில் யாரிடமோ பேசுவது போலிருக்கும். பிறகு ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கோபம் என்பதே தெரியாதவர். தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டால்கூட அப்படியே குடித்துவிட்டு எழுந்து போவார். "இந்த மனுசனுக்கு வாயி சோறு திங்க மட்டுந்தான்" என்பார் அவர் மனைவி நவமணி அக்கா. இப்படிப்பட்டவரைப் பிடித்து 2011-இல் கோயில் தலைவராக்கினோம். வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், எங்கள் கோயிலின் ஒரு வழக்கம்.

தோட்டத்து நாய் மனிதரைக் கடித்துக் குதறினால் அதைக் கொல்வதா விடுவதா என்று தலைவர்தான் சொல்ல வேண்டும். கொல் என்று சொன்னால் அவரே தன் கையால் கொல்ல வேண்டும். முனியாண்டியின் அரிவாளை வேறு யாரும் தொடக்கூடாது. கயிற்றை நாயின் சொந்தக்காரர் பிடிப்பார். தலைவர் அதன் நெற்றியில் கை வைத்து, அது செய்த குற்றத்தை அதன் முகத்துக்கு நேரே சொல்லி, "நான் சொன்னேன், நான் செய்யறேன்" என்றுவிட்டு வெட்ட வேண்டும். குழி தோண்டிப் புதைப்பதும் அவரே. மறுநாள் விடியும்வரை அவருக்குச் சோறு தண்ணீர் கிடையாது. வெள்ளைக்காரத் துரை ஆபீஸ் படியில் நின்று பிரம்பை நீட்டிக் காட்டுவாராம், காட்டிய நாயை யாரோ ஒரு கூலியாள் அடித்துக் கொல்ல வேண்டுமாம். அப்படி அடித்துக்கொண்டே இருந்த ஒருவர் பேச்சை இழந்து, கடைசிவரை யாருக்கும் முகம் காட்டாமல் செத்தாராம். அதைப் பார்த்துத்தான் கோயில் கட்டியவர்கள் இப்படி ஒரு வழக்கம் வைத்தார்கள் என்பார்கள். உண்மையோ பொய்யோ, அதற்கப்புறம் இந்தத் தோட்டத்தில் 'கொல்' என்ற சொல் அத்தனை லேசாக யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

சன்னாசி தலைவரான நாலாம் வருஷம் அது வந்தது. டைகர் என்ற கடுவன் நாய், புல் வெட்டும் பெண் ஒருத்தியைக் கீழே தள்ளி முழங்கையைக் கிழித்துவிட்டது. பதினைந்து பேர் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகத்துக்கே இடமில்லை. சன்னாசி சொன்னார், செய்தார். பக்கத்தில் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை. மூடவும் கூடாது. அன்றைக்குப் பிறகுதான் நாய்கள் அவரைப் பார்த்து ஒதுங்க ஆரம்பித்தன. டைகரைப் பார்த்திராத நாய், நேற்றுப் பிறந்த குட்டி, சுங்கை பஞ்சாங்கிலிருந்து யாரோ பைக்கில் கூட்டி வந்த நாய், எல்லாமே ஒதுங்கின. அவற்றுக்கு யார் போய்ச் சொன்னது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"தூக்கம் வருதா மச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வருது. தப்பு செஞ்ச நாய்தானே மாப்ள. அதான் வருது" என்றார்.

அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம், பள்ளி விடுமுறையில், திவாகரனின் ஆறு வயது மகள் தனுஜாவை நாய் கடித்தது. திவாகரன் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவன், தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் இரண்டு மூன்று இளம் குடும்பங்களில் ஒன்று அவனுடையது. பிள்ளை பத்தாம் நம்பர் காட்டுக்குப் போகும் மண் ரோட்டில் கிடந்தாள். கன்னமும் கழுத்தும் கிழிந்திருந்தன. கடித்ததை யாரும் பார்க்கவில்லை. காண்டா வாய்க்கால் ஓரமாக ஒரு செவலை நாய் ஓடியதைத் தூரத்திலிருந்து ஒருத்தி பார்த்தாள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட்டார்கள். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை அப்பளசாமியின் செவலை நாய் ஜிம்மி வாயில் ரத்தத்தோடு வந்தது. அப்பளசாமி ஆலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலை பார்ப்பவர். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, ஜிம்மி உண்டு. "கோழிக் கொடலு போட்டேன் தலைவரே. அந்த ரத்தந்தான். சத்தியமா சொல்றேன்" என்று சன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டார். கோழிக் குடல் போட்டதற்குச் சாட்சி கேட்டார்கள். தனியாக இருக்கும் மனிதர் சாட்சிக்கு எங்கே போவார்?

மறுநாள் சன்னாசி வீட்டு வாசலில் கூட்டம். திவாகரன் முந்தின நாளிலிருந்து முகம் கழுவவில்லை. கத்தினாலாவது பரவாயில்லை, அவன் மெல்லப் பேசினான்.

"தலைவரே, எம்புள்ள முகத்தப் பாத்தீங்களா? நீங்க சொல்றீங்களா, இல்ல நானே பாத்துக்கவா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் சன்னாசி.

கூட்டம் கலைந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தோம். நவமணி அக்கா தேத்தண்ணி வைத்தார். யாரும் குடிக்கவில்லை.

"கவுன்சிலுக்குப் போன் போட்டா நாய்வண்டி வந்து தூக்கிட்டுப் போயிரும்லா. உங்களுக்கு என்னா வந்துச்சு?" என்றார் அக்கா.

"தூக்கிட்டுப் போயி?"

"அது அவங்க வேல."

"சொல்றது நானு. கை எவனோடதோ." சன்னாசி மேலே தகரத்தைப் பார்த்தபடி பேசினார். "கோர்ட்டுல ஜட்ஜு எழுதறாரு. எழுதிட்டு வீட்டுக்குப் போயி சாப்புடறாரு. அவரத் தப்பு சொல்லல. அவருக்கு சாட்சி இருக்கு, சட்டம் இருக்கு, மேல இன்னொரு கோர்ட்டு இருக்கு. எனக்கு என்னா இருக்கு மாப்ள? இந்தக் கையி இருக்கு."

"அப்ப விட்டுருங்க மச்சான்."

"விட்டு, அதுதான் கடிச்சதுன்னா? நாளைக்கு இன்னொரு புள்ள?"

நான் தேத்தண்ணிக் கிளாஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். கடைசியில் அவரே கேட்டார். "முனியாண்டிகிட்டயே உத்தரவு கேட்டுட்டா என்னா?"

திருவிழாவில் கிடா வெட்டுமுன் உத்தரவு கேட்பது உண்டு. மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் தெளிப்போம். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் மறுபடி தெளிப்போம். மூன்று முறையும் சும்மா நின்றால் அந்தக் கிடாவை அவிழ்த்துவிட வேண்டியதுதான். என் கண்முன் இரண்டு கிடா அப்படித் தப்பியிருக்கிறது. நாய்க்கு யாரும் இதைச் செய்ததில்லை. ஆனால் அவர் சொன்னதும் என் நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியது போலிருந்தது. நவமணி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். சாமி சொல்லட்டும், நாங்கள் யார்? அந்த நிம்மதியில் நான் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் உச்சி வேளை. செம்பனைக் காட்டுக்கு நடுவில் பன்னிரண்டு மணிக்குக்கூட அரை இருட்டுத்தான். அன்றைக்குக் காற்றும் இல்லை, பூச்சிச் சத்தமும் இல்லை. இருபத்தேழு வீட்டு ஆட்களும் மரத்தைச் சுற்றி நின்றார்கள். அப்பளசாமி கயிற்றைப் பிடித்திருந்தார். மஞ்சள் தண்ணீர் இருந்த செம்பை நான் சன்னாசியிடம் கொடுத்தேன்.

நான் நினைத்தது இதுதான். தண்ணீர் பட்டதும் சிலுப்பும், முடிந்துவிடும். நனைந்தால் உதறாத நாய் உலகத்தில் உண்டா? இது அந்த இடத்தில் நின்ற குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் அத்தனை பேரும் நின்றோம்.

சன்னாசி தெளித்தார். ஜிம்மி சிலுப்பவில்லை.

முகத்தில் வழிந்த தண்ணீரை நாக்கால் நக்கியது. காலையிலிருந்து கட்டிப் போட்டிருந்தார்கள், தாகம் போல. பிறகு தலையை நிமிர்த்தி சன்னாசியைப் பார்த்தது. அவரைக் கண்டால் ஒதுங்குகிற நாய்களில் அதுவும் ஒன்று. அன்றைக்கு ஒதுங்கவில்லை. மஞ்சள் தண்ணீர் வயிற்றிலிருந்து சொட்டச் சொட்ட, பொம்மை மாதிரி நின்றது. கூட்டத்தில் யாரோ "முனியாண்டி" என்று முனகினார்கள். அப்பளசாமியின் கண்ணில் நம்பிக்கை வந்துவிட்டது.

சன்னாசி திவாகரனைப் பார்த்தார். பிறகு ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, இரண்டாவது தடவை ஊற்றினார். அவரை ஒட்டி நின்றவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பார்வையை அவர் முதுகு மறைத்தது. நான் பார்த்தேன். இடது கையால் ஜிம்மியின் காதை லேசாக விரித்து, தண்ணீரை உள்ளே விட்டார்.

ஜிம்மி தலையிலிருந்து வால் நுனிவரை உதறியது. காது இரண்டும் பட படவென்று அடித்துக்கொண்டன. மஞ்சள் துளி எல்லோர் மேலும் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அப்பளசாமி மட்டும், "தலைவரே, தலைவரே" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

சன்னாசி நெற்றியில் கை வைத்து, "புள்ளையக் கடிச்ச" என்றார். "சாமி சொல்லுச்சு, நான் செய்யறேன்" என்றார். 'நான் சொன்னேன்' என்ற வார்த்தையை அவர் மாற்றியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. மூடியது அவர்.

மூன்றாம் நாள் நவமணி அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டு முன்சுவரில், முழங்கால் உயரத்தில், மஞ்சள் புள்ளிகள். விசிறி அடித்தாற்போல ஒரு பக்கமாகத் தெறித்திருந்தன. "தொடச்சிட்டேன் தம்பி. நேத்தும் தொடச்சேன். திரும்ப வருது" என்றார். பாசி, தகரத்துத் துரு, மழைச்சாரல் என்று நான் வரிசையாகச் சொன்னேன். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சன்னாசி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அரைப் பேச்சில் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். எனக்குப் பின்னால் பட பட பட என்று ஒரு சத்தம். ஈரக் காது இரண்டும் அடித்துக்கொள்ளும் சத்தம் எப்படியிருக்கும் என்று நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும், நான் அதற்கு விளக்கம் சொல்லப்போவதில்லை. திரும்பிப் பார்த்தேன். வாசலில் வெயில் மட்டும் இருந்தது. ஈர நாய் வாடை ஒன்று வந்து போனது.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால், பின்பக்கம் கீழே ஐந்தாறு மஞ்சள் புள்ளி. என் மனைவி குளோராக்ஸ் போட்டு ஊற வைத்தாள். துணிதான் நைந்தது. நான் பகுத்தறிவு பேசுகிறவன், திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்களைக்கூட ஓரக்கண்ணால் பார்க்கிறவன். அந்தச் சட்டையைக் காண்டாவில் எறிந்துவிட்டு வந்தேன்.

தனுஜா ஒரு மாதம் கழித்து வீடு திரும்பினாள். ஒரு மைலோ டின் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கன்னத்தில் தையல் தழும்போடு சோபாவில் உட்கார்ந்து போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பாவிடம் கேட்டாள்.

"ப்பா, ஜிம்மி ஏன் என்னப் பாக்க வரல?"

திவாகரன் பேயறைந்தவன் போல நின்றான். நான் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மாடி, ஒன்னக் கடிச்சது எந்த நாயி?"

"அதுக்கு வாலே இல்ல மாமா" என்றாள். கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை.

வாசல்வரை வந்து திவாகரன் என் கையைப் பிடித்தான். "அண்ணே, வெளிய சொல்லாதீங்கண்ணே. அப்பளசாமி மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?" நான் தலையாட்டினேன். அந்த வால் இல்லாத செவலை நாயைப் பற்றித் தோட்டத்திலும் பக்கத்து மலாய்க்காரர் கம்பத்திலும் மெல்ல விசாரித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாயை அதற்கு முன்னும் பின்னும் பார்த்தவர் எவரும் இல்லை.

சன்னாசியிடம் சொன்னேன். அவரிடம் சொல்லாமல் என்னால் தாங்க முடியவில்லை. லோரி டயரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"சாமிதானே சொல்லுச்சு மச்சான்" என்றேன், பேடித்தனமாக.

"நீ பாத்த" என்றார்.

நான் டயரில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினேன்.

"நீ பாத்தேன்னு எனக்குத் தெரியும் மாப்ள. மொதத் தடவ அது சும்மா நின்னுச்சுலா. அது போதும். சாமி வேணாம்னுச்சு. எனக்குப் பயம். திவாகரனப் பாத்துப் பயம். இன்னும் ரெண்டு தடவையும் சும்மா நின்னா, விடுன்னு நான் சொல்லணும், விட்டது நான்னு ஆயிரும். அதான் காதுல ஊத்துனேன்." மரத்து உச்சியைப் பார்த்தபடி சொன்னவர், என்னை நேராகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பின்னங்கழுத்தைக் கையால் முன்னுக்குத் தள்ளிக்கொண்டார். "டைகர வெட்டுன அன்னிக்கும் கை நடுங்குச்சு. ஆனா அது என் கை. ஜிம்மிய வெட்டுன கை யாருதுன்னே எனக்குத் தெரியல."

அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அதுவும் ஜிம்மிக்காகவா எனக்காகவா என்று தெரியாத அழுகை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போனால் கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கிறது. கோழி வளர்க்கும் குகன் ஒரு கறுப்பு நாயைக் கயிற்றில் பிடித்திருந்தான். முழுசாக வளராத நாய். கூண்டை உடைத்து மூன்று கோழியைத் தின்றுவிட்டதாம். மனிதரைக் கடிக்கவில்லை, கோழி தின்றதற்கு இந்தத் தோட்டத்தில் எந்தக் காலத்திலும் விசாரணை நடந்ததில்லை. மஞ்சள் தண்ணீர் செம்பு தயாராக இருந்தது. எல்லோர் முகத்திலும் திருவிழாக் களை. நான் உண்மையாகவே பயந்துபோனேன்.

சன்னாசி வந்ததும் குகன் அன்பாகச் சொன்னான். "நீங்க சும்மா ஒக்காருங்க தலைவரே. இனிமே ஒங்களுக்கு அந்தச் சிரமமே வேணாம். சாமிதானே சொல்லுது? யாரு வெட்டுனா என்னா? பசங்க பாத்துக்குவாங்க."

ரொம்பச் சரி என்று நாலைந்து குரல் எழுந்தது. திவாகரன் பின்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரிவாள் ஏற்கெனவே யார் கையிலோ இருந்தது.

சன்னாசி குகனிடமிருந்து செம்பை வாங்கினார். நாயின் பக்கம் போகவில்லை. முனியாண்டிக்கு நேரே போய் நின்று, அத்தனை தண்ணீரையும் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டார். கடைசிச் சொட்டைத் தலையைச் சாய்த்துத் தன் காதுக்குள் விட்டார். அறுபத்து மூன்று வயது உடம்பு. தோள் குலுங்கியது, தலை உதறியது, எங்கள் மேலெல்லாம் மஞ்சள் தெறித்தது.

"சிலுப்பிருச்சு. பாத்துக்கிட்டீங்களா?" என்றார். "சாமி உத்தரவு குடுத்துருச்சு. யாரு வெட்டறீங்க? வாங்க."

ஒருவரும் அசையவில்லை. அவர் குரலை உயர்த்தியதை அன்றுதான் என் வாழ்நாளில் கேட்டேன்.

"தண்ணி ஊத்துனா உசுரு உள்ளது ஒதறும். இது தெரியாதவங்க இங்க யாரு? ஜிம்மி மொதத் தடவ ஒதறல. நான் காதுல ஊத்துனேன். புள்ளையக் கடிச்சது ஜிம்மி இல்ல. சாமி ஒன்னும் சொல்லல. நான் சொன்னேன். சாமி வாயில வச்சுச் சொன்னேன்."

குகனின் கையிலிருந்து கயிறு நழுவியது. கறுப்பு நாய் ஓடவில்லை, கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு செம்பனைக்குள் நடந்து போய்விட்டது. சன்னாசி அரிவாளை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். ஈரம் சொட்டிக்கொண்டே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வேறு யாரும் வரவில்லை.

அவர் போய் நின்றது அப்பளசாமி வீட்டு வாசலில். ஜிம்மி செத்ததிலிருந்து அப்பளசாமி கோயில் பக்கம் வருவதில்லை. வீட்டுக்குள் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் சன்னாசியை அந்தக் கோலத்தில் பார்த்ததும் எழுந்து நின்றார். சன்னாசி அரிவாளை அவர் காலடியில் வைத்தார். கோயிலில் சொன்னதை மறுபடியும் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை. பிள்ளை சொன்னது, முதல் தடவை ஜிம்மி சும்மா நின்றது, காதை விரித்தது, எல்லாம்.

"என் குத்தத்த ஒன் மொகத்துக்கு நேரா சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு அப்பளசாமி. எதுனாலும் சொல்லு" என்றார்.

அப்பளசாமி சோற்றுப் பானையைப் பார்த்தார். கரண்டியை எடுத்துக் கிளறினார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

"சொன்னா நான்தானே செய்யணும் தலைவரே?"

"ஆமா."

"வெட்டறேன்னு சொன்னா வெட்டணும்."

"ஆமா."

"மன்னிச்சேன்னு சொன்னாலும் அதையும் நான்தான் செய்யணும். டெய்லி காலைல எந்திரிச்சு செய்யணும்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "ரெண்டும் என்னால ஆவாது. நான் ஒன்னும் சொல்லல. நீங்க போங்க."

கதவைச் சாத்தவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டார். சன்னாசி அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார். சட்டை இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீயாவது சொல்லேன் மாப்ள" என்றார்.

நானும் சொல்லவில்லை.